நாகையாவுக்குக் காட்டிய வழி

மாட்டு வண்டிகள்மீது எனக்குக் கோபமே கிடையாது, ஐயா. மாடு தன் வேகத்தில்தான் போகும். நெரிசல் வருவது நிற்கிற வண்டியால். என் டாக்டர் பட்ட ஆராய்ச்சியே அதுதான். சென்னையில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் கணிப்பொறிக்கு, சிவகாசிக் கடைத்தெருவைத் துளையிட்ட அட்டைகளாக்கிக் கொடுத்தேன். எந்த லாரி எங்கே நின்றால் தெரு எவ்வளவு நேரம் அடைபடும் என்று அது சொல்லிவிடும்.

ஏன் சிவகாசி என்று கேட்டீர்கள். என் தங்கை கருப்பம்மாள் தாயில்பட்டியில் வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தவள். ஆலை தீப்பிடித்த அன்று அவளை வேனில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். கடைத்தெருவில் பட்டாசுக் கம்பெனி நாகையா முதலாளியின் லாரி குறுக்கே நின்றது. இறங்கி ஓடி அவரைக் கும்பிட்டேன்.

"ஏலே, லோடு ஏறுதுல்ல. ஒன் தங்கச்சிக்காகத் தீவாளி தள்ளிப்போகுமாலே?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேனுக்குள் அவள் தண்ணீர் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, கடைக்காரர்கள் என்னிடம் போக்குவரத்துத் திட்டம் ஒன்று கேட்டார்கள். நாகையாதான் அவர்களுக்குத் தலைவர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கணிப்பொறி தந்தவற்றில் ஆக மோசமானதை எடுத்து நீட்டினேன். தெரு குறுகும் இடத்தில், அவர் கம்பெனி வாசலிலேயே, லாரிகள் நின்று லோடு ஏற்றலாம்.

"படிச்சவுக படிச்சவுகதான் தம்பி. நம்ம வாசலுக்கே லாரியக் கொண்டாந்துட்டீகளே" என்று காபி வாங்கிக் கொடுத்தார். நல்ல காபி.

அவர் வீடு தெருவின் ஒரு கோடி. ஆஸ்பத்திரி மறு கோடி. என்றைக்காவது அவர் போய்த்தானே ஆக வேண்டும். காத்திருந்தேன். முதலில் அகப்பட்டது ஏழாயிரம்பண்ணை மாரிசாமி, நெஞ்சுவலி; வழியிலேயே போய்விட்டார். வருத்தமாக இருந்தது. சோதனை ஓட்டத்தில் பிழைகள் வரும். திட்டத்தை நான் மாற்றவில்லை.

இந்தச் சீசனில் நாகையாவின் மகள் பாலம்மாளுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்ததாம். தெருமுனையில் காரை நிறுத்தி, நாகையா வந்து, அங்கே நின்றிருந்த என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"கடைத்தெருவா, குடோன் பின்பாதையா தம்பி? எதுல வெரசாப் போகலாம்? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

பின்பாதை சுற்று, ஆனால் காலியாகக் கிடந்தது. கடைத்தெருவில் அவருடைய லாரியே நகர வழியில்லாமல் நின்றது. தெருவின் வளைவு அதை அவருக்கு மறைத்தது. காருக்குள் பாலம்மாள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். என் தங்கைக்கு அன்றிருந்த வயதுதான் இருக்கும்.

"நேராப் போங்க முதலாளி. இதுதான் கிட்டக்க."

கார் உள்ளே போனதும் பின்னால் வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன. தாயும் பிள்ளையும் அந்தக் காரிலேயே முடிந்துபோனார்கள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுத வேண்டாம். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கடைத்தெரு வழிதான் தூரம் குறைவு.