இடது தோள் பெல்ட்

விடியற்காலை ஐந்தரை மணி. ஜமுனாமரத்தூரிலிருந்து அமிர்தி பக்கம் இறங்குகிற மலைச்சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை... பனி மட்டும்தான். ஹெட்லைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். அந்த நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி மட்டும் தனியாக இறங்கிக்கொண்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்த மழைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும் போலிருக்கிறது, ஆனால் இது கத்திச் சொல்கிற கதை இல்லை. தேவராஜ், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடு. நான் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறவன், பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். பிரேக்கை நம்புவேன், அதுவும் நானே கழற்றிப் பார்த்த பிரேக்கை. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். இது நம் சக்திவேலின் அக்கா புருஷன் பூபாலனுக்கு நடந்தது.

பூபாலன் நம் மலைக்காரன்தான். ஆனால் ரொம்ப வருஷம் சென்னைப் பக்கம் இருந்தான். ரேஸ் காரில் மெக்கானிக். டிவியில் பார்த்திருப்பீர்களே, நாலு சக்கரமும் மூடாமல் வெளியே துருத்திக்கொண்டு, ஒரே ஆள் படுத்த மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற கார்... அது. அதில் டிரைவர் தானாக பெல்ட்டை இறுக்கிக்கொள்ள முடியாது. கையை மடக்கவே இடமிருக்காது. வெளியே நிற்கிறவன்தான் குனிந்து கட்டிவிட வேண்டும். மூச்சு முட்டுகிற அளவுக்கு இழுக்க வேண்டும். கழுத்து ஒடியாமல் இருக்க ஹெல்மெட்டோடு சேர்த்து ஒரு கவசம் மாட்டுவார்கள். தோள் பெல்ட் இரண்டும் அந்தக் கவசத்தின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தாலும் கவசம் இருந்தும் இல்லாத மாதிரிதான். பூபாலன் செய்தது அந்தக் கட்டுகிற வேலைதான்.

அவன் கட்டிவிட்ட பையன் பெயர் விஜயராஜ். வேலூர்க்காரன், மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. வேறு யாராவது பெல்ட்டில் கை வைத்தால் தட்டிவிடுவானாம். "எங்க அண்ணன் வரட்டும், அது கட்டனாதான் எனுக்கு தைரியம்" என்பானாம்.

ஒரு நாள் ரேஸ் நடுவில் மழை. நிறுத்தினார்கள். டிரைவர்கள் எல்லாம் இறங்கினார்கள். மழை விட்டதும் அவசர அவசரமாக மறுபடி ஏற்றினார்கள். பூபாலன் குனிந்து வலது தோள் பெல்ட்டை இழுத்தான். ஹாரன் அடித்தது. "விலகு, விலகு" என்று நாலு பக்கமும் சத்தம். இடது தோளை இழுத்தானா... அங்கேதான் அவனுக்கு நினைவு அறுந்துபோயிற்று.

மூடாத சக்கரத்தில் இது ஒரு சனியன். பின்னால் வருகிற காரின் சக்கரம் முன்னால் போகிற காரின் சக்கரத்தில் ஏறிவிட்டால், கார் எறிந்த கல் மாதிரி மேலே போய்விடும். விஜயராஜின் கார் அப்படித்தான் போனது. தலைகீழாக விழுந்தது. தலைக்கு மேலே இருக்கிற உலோக வளையம் வளையவே இல்லை. ஹெல்மெட்டில் ஒரு கீறல் கிடையாது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால் தூங்குகிற முகம். கழுத்துதான் போய்விட்டது.

மோதிய வேகத்தில் பெல்ட் நழுவியிருக்கலாம் என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள். யாரும் பூபாலனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பான், பாவம். மலைக்குத் திரும்பி வந்தான், பழைய பிக்கப் ஒன்று வாங்கினான், சாமை மூட்டையும் புளியும் ஏற்றி இறக்கிப் பிழைத்தான். ஆனால் பெல்ட்டை மட்டும் தொட மாட்டான். போடாவிட்டால் வண்டி கீங் கீங் என்று கத்துமே, அதற்கு என்ன செய்தான்? சீட்டுக்குப் பின்னால் சுற்றி மாட்டி வாயை அடைத்துவிட்டான். மகள் நிவேதா உட்காருகிற பக்கமும் அப்படியே.

சிரிக்காதே சின்னராசு. உன் வண்டியிலும் அப்படித்தான் மாட்டியிருக்கிறது, நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? சட்டத்தையும் ஏமாற்றியாயிற்று, வண்டியையும் ஏமாற்றியாயிற்று. மலைக்காரன் மூளையே மூளை.

சரி. அன்றைக்குச் சந்தோஷமான நாள். அவன் பெண்டாட்டி சசிகலாவுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. தம்பியைப் பார்க்க நிவேதாவுக்குப் புதுக் கவுன். முன்னால் அப்பனும் மகளும். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நம் சக்திவேல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதன் வழியாக உள்ளே பார்க்கலாம். நான் சொல்வதெல்லாம் அவன் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தது.

காடு நெருங்கியதும் முதலில் வாசம் வந்ததாம். சூடான ரப்பர்... பெட்ரோல்... அப்புறம் தீ அணைக்கிற பவுடரின் வறட்டு நெடி. அதற்குப் பிறகு, கீங்... கீங்... கீங். பெல்ட் போடவில்லை என்று வண்டி கத்தியது. பூபாலன் ஓரங்கட்டி நிறுத்தினான்.

"இன்னா மாமா, எதுக்கு நிறுத்திட்ட?"

"பெல்ட்டு தானா கழண்டுகினு கீதுடா."

"பெட்ரோல் நாத்தம் அடிக்குது மாமா. நம்மளுது டீசல் வண்டியாச்சே."

அந்த ரேஸ் வாசம் பூபாலனுக்குத் தெரியாதா என்ன? முகம் வெளுத்திருந்தது. இரண்டு பெல்ட்டையும் மறுபடி சீட்டுக்குப் பின்னால் சுற்றி அழுத்தி மாட்டினான், ஏறினான், கிளப்பினான்.

ஒரு வளைவு தாண்டியது. இன்னொரு வளைவு. கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. சக்திவேல் துண்டால் துடைத்தான்... உள்ளே மூன்று தலை.

மூன்றாவது தலை வெள்ளையாக, உருண்டையாக இருந்தது. ஹெல்மெட். சீட்டுகளுக்கு நடுவே குனிந்து, நிவேதாவிடம் ஏதோ செய்துகொண்டிருந்தது. இரண்டு கையுறைகள் அவள் தோளில், இடுப்பில் போய்ப் போய் வந்தன. ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தம்... சர்ர்ர். கெட்டித் துணிப்பட்டையை இரும்பு வளையத்தில் இழுக்கிற சத்தம். குழந்தை கூச்சத்தில் கிளுகிளுவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது என்று சொல்லி அவன் அழுதிருக்கிறான், என் எதிரில்.

சக்திவேல் கண்ணாடியைத் தட்டினான். கத்தினான். உள்ளே யாரும் திரும்பவில்லை. குழந்தையை முடித்துவிட்டு ஹெல்மெட் மெதுவாக பூபாலன் பக்கம் திரும்பியது. அவன் வலது தோளில் கை வைத்தது. சர்ர்ர். பூபாலனின் வலது தோள் சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம்... அது கையை எடுத்துவிட்டது. கும்மிருட்டில் விளக்கு அணைந்த மாதிரி அந்த இடம் காலியாகிவிட்டது.

பூபாலன் குரல் மட்டும் கேட்டது. கெஞ்சுகிற குரல்.

"தம்பி... இன்னொரு பக்கம்... இன்னொரு பக்கம் கட்டிட்டுப் போடா தம்பி..."

இழுத்தேனா, இழுக்கவில்லையா என்று அத்தனை வருஷமாகத் தூங்காமல் கிடந்தானே, அவனுக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

அடுத்தது கொண்டை ஊசி வளைவு. வண்டி திரும்பவில்லை. பிரேக் அடிக்கிற சத்தம்கூட வரவில்லை. முன் சக்கரம் ஓரத்துக் கல் மேல் ஏறியது, அவ்வளவுதான், மொத்த வண்டியும் காற்றில். சக்திவேல் தெறித்து உண்ணிச்செடிப் புதரில் விழுந்தான். முள் கிழித்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது, நாளைக்கு வேண்டுமானால் காட்டச் சொல்லுங்கள்.

எழுந்து சரிவில் இறங்கினான். பாறை மேல் வண்டி மல்லாந்து கிடந்தது, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பூபாலன் முகத்தில் ஒரு கீறல் இல்லை. தலை மட்டும் இடது பக்கம், சாயக் கூடாத அளவுக்குச் சாய்ந்திருந்தது.

நிவேதா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே விழவில்லை. முடி தொங்குகிறது, கவுன் தொங்குகிறது, உடம்பு மட்டும் சீட்டோடு. பெல்ட்தான் பிடித்திருக்கிறது என்று சக்திவேல் கையை விட்டுத் தேடினான்... பெல்ட் சீட்டுக்குப் பின்னால், அவள் அப்பன் மாட்டின இடத்தில், மாட்டினபடியே இருந்தது. அவள் மேல் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. "பாப்பா" என்று அவன் தொட்ட பிறகுதான், யாரோ பூட்டைத் திறந்துவிட்ட மாதிரி, அவன் கைகளில் விழுந்தாள். அழவில்லை. "அந்த அண்ணன் அப்பாவ பாதிதான் கட்டுச்சு மாமா" என்றாளாம்.

பிரேக் பிடிக்கவில்லை என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். வண்டியை மேலே இழுத்து இங்கேதான் கொண்டுவந்து போட்டார்கள். நான் கழற்றிப் பார்த்தேன். ஆயில் இருந்தது, லைனிங் புதுசு, ஓட்டை உடைசல் ஒன்றும் இல்லை. குழந்தையைக் காப்பாற்ற வந்ததா, அப்பனை எடுக்க வந்ததா? எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே நடைதான் நடந்தது போலிருக்கிறது.

எதற்கு இதை இன்றைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். சக்திவேல் ஏன் இந்தக் கொட்டுகிற மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு அமிர்தி பக்கம் ஓடினான் என்று யாராவது கேட்டீர்களா? சசிகலா கைக்குழந்தைக்கு ஊசி போட வேலூர் போயிருந்தாள், நிவேதாவும் கூட. கடைசி பஸ்ஸில் மேலே வந்துகொண்டிருக்கிறாள். இதே பெஞ்சில் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான், நானும் கேட்டேன். அவள் பேசி முடிப்பதற்குள் டவர் போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் போகவில்லை.

"சக்தி... பஸ்ஸு காட்டுக்குள்ள வந்துட்டுது. நிவேதா பாப்பா இப்பத்தான் கிளுகிளுன்னு சிரிச்சா. நீ அன்னிக்கி சொன்னாப்லயே, யாரோ சீட்டோட சேத்துக் கட்டனா மாதிரி உக்காந்துகினு கீறாடா, தூக்கிப் பாக்குறேன், அசையவே மாட்றா... என்னையும் கைப்புள்ளையையும் யாரும் தொடலைடா."