மேல் குழாயின் சூடு

எந்த வீட்டில் இருந்தாலும் அதைத் துப்புரவாக வைத்திருப்பேன். கடைசியாக இருந்த வீட்டுக்குச் சக்கரங்கள் இருந்தன, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற கையோடு என் வீட்டுக்காரர் வீட்டை விற்று அந்த வண்டியை வாங்கினார். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே. வீட்டை விற்ற பிறகும் அவரை வீட்டுக்காரர் என்றே சொல்கிறேன், பழக்கம். என்னைக் கேட்காமல் செய்தார் என்று சொல்லமாட்டேன். "என்ன, சந்தோஷம்தானே?" என்று கேட்டார், சாவியை ஆட்டிக்கொண்டே.

மேட்டில் ஏறினால் எஞ்சின் கொதிக்கும். "ஏய், ஹீட்டரைப் போடு" என்பார். அதன் சூட்டை உள்ளே இழுத்தால் எஞ்சின் தப்பிக்குமாம். கொளுத்தும் வெயிலில் அந்த அனல் என் முகத்தில் அடிக்கும். "கொஞ்சம் பொறுத்துக்கோயேன். உன்னை மாதிரி வண்டிக்கு வாயா இருக்கு, புலம்புறதுக்கு?" என்று சிரிப்பார்.

எஞ்சினை ஆற்றும் ரேடியேட்டரின் ஓரங்களை ஒரு மெக்கானிக் நுரைப்பட்டைகளால் அடைத்துக் கொடுத்தார். "காத்து சோம்பேறிம்மா. பக்கத்துல சந்து கிடைச்சா நழுவிடும், ரேடியேட்டருக்குள்ள நுழையாது" என்றார்.

நிறுத்திய இடங்களிலெல்லாம் அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டேன். வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டால் எங்காவது நாலு சுவருக்குள் குடியிருக்கலாம் என்று எண்ணம். அது படுக்கவில்லை. கொதித்தது, நின்றது, ஆறியது, மறுபடி கிளம்பியது. ஹீட்டர்தான் முன்னைவிட அதிகம் ஓடியது.

அவர் கவனமானவர். கொதிநீர் முகத்தில் பீறிடும் என்று, நின்ற வண்டியின் ரேடியேட்டர் மூடியைச் சட்டென்று திறக்கமாட்டார். அதன் மேல் குழாய் ஆறிவிட்டதா என்று நான் தொட்டுச் சொல்ல வேண்டும். "உனக்கு அடுப்பில வெந்த கை" என்பார்.

அன்றும் தொட்டேன்.

"ஆறிடுச்சா?"

உள்ளங்கை பொசுங்கியது. கையை எடுக்கவில்லை; எடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஆறிடுச்சுங்க."

குனிந்து திறந்தார்.

வாய் தவறிச் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவருக்கு முன்பே என் கைக்குத் தெரியும்.

வெந்த கண்களுக்குப் பார்வை திரும்பாது என்றார் டாக்டர். அதற்காக நான் அவரை விட்டுவிடவில்லை. ஒரு சின்ன அறை எடுத்து, நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். பாலைக்கூட நன்றாக ஆற்றித்தான் கொடுக்கிறேன். ஆறிவிட்டது என்று எத்தனை முறை சொன்னாலும் வாயை இறுக மூடிக்கொள்கிறார். கட்டியவள் சொன்னால் நம்ப வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.