பேசினுக்கு அடியில்

— டார்ச்சை இன்னும் கொஞ்சம் கீழ பிடி. என் மூஞ்சில அடிச்சா எனக்கு என்ன தெரியும்?

— விடுங்களேன். தண்ணி மெதுவா போனா போயிட்டுப் போகுது. லீவு நாள்லயாவது ஸ்பேனரைக் கீழ வைங்க.

— பாரு, ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம அடைப்பு எடுத்துக் குடுக்கறேன். என் வீட்டு வாஷ்பேசின் மூணு வாரமா குளமா நிக்குது. வெளிய தெரிஞ்சா எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்? அந்த வாளியை இப்படித் தள்ளு. ம், வளைவுக் குழாய் கழண்டுடுச்சு.

— முடிதான் இருக்கும். கொட்டிட்டு மாட்டுங்க.

— முடி இல்லையே. செங்கல்லைக் கரைச்ச மாதிரி இருக்கு. டார்ச்சை ஏன் திருப்பற?

— கை வலிக்குது.

— பாரு, இது மாத்திரை. இந்த ரெண்டும் இன்னும் முழுசாவே இருக்கு. நேத்தும் இன்னைக்கும் நான் உன் உள்ளங்கையில வெச்ச இரும்புச்சத்து மாத்திரை. வாயைத் திறந்து ஏதாவது சொல்லு.

— என்னத்தச் சொல்றது. நாக்குக்கு அடியில ஒதுக்கிக்குவேன். நீங்க டம்ளரைக் கழுவத் திரும்பினதும் இங்க வந்து துப்பிடுவேன்.

— எத்தனை நாளா?

— ஆறு வாரம் இருக்கும்.

— ப்ளம்பர் பொண்டாட்டிக்கு ஒளிக்க இடம் கிடைச்சுது பாரு. குப்பைத்தொட்டில போட வேண்டியதுதானே?

— குப்பையை நீங்கதானே கொண்டுபோய்க் கொட்டறீங்க. குழாய்ல போனா போயிடும்னு நினைச்சேன்.

— எங்கேம்மா போகுது? இந்த வளைவுல வந்து உக்காந்துக்குது. போன வாரம் டிக்கெட் குடுத்துட்டு இருக்கறப்பவே கவுண்டர்ல மயங்கி விழுந்திருக்க. உன்னைத் தூக்கிட்டு வந்து விட்டாங்க. ஏன் ரத்தம் ஏறலன்னு டாக்டரம்மா மண்டையைப் பிச்சுக்கறாங்க. நீ பக்கத்துல உக்காந்து தலையைக் குனிஞ்சுக்கற.

— எனக்கு வெளிக்குப் போக முடியலைங்க. அஞ்சு நாள், ஆறு நாள் ஆகும். வயிறு கல்லா இருக்கும். முக்கி முக்கிக் கண்ணுல பூச்சி பறக்கும். போனாலும் கறுப்பு. அதைப் பார்த்தாலே அந்த ஆஸ்பத்திரி பாத்ரூம்தான் ஞாபகத்துக்கு வரும்.

— இரும்பு மாத்திரைன்னா கறுப்பாத்தான் போகும்னு நர்ஸக்கா சொன்னாங்களே. தார் மாதிரி பிசுபிசுன்னு நாத்தமா போனாத்தான் உடனே ஓடி வரணும்னு.

— சொன்னாங்க. கண்ணு கேட்கணுமே.

— சிக்கல்னு என்கிட்ட சொல்ல என்ன கூச்சம்? பன்னெண்டு வருஷமா எவன் எவன் வீட்டு கக்கூஸ்லயோ கையை விடறவன் நான்.

— அதான் சொல்லல. வேலை முடிஞ்சு வந்து முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுத் தேய்க்கறீங்க. வீட்லயும் அதே பேச்சான்னு.

— கவுண்டர்ல தண்ணி குடிக்கறியா?

— குடிச்சா எழுந்து போகணும். மாத்தி விட ஆள் கிடையாது. ரெண்டு நிமிஷம் மூடினா வரிசையில நிக்கறவங்க கண்ணாடியைத் தட்டுவாங்க.

— மேல தண்ணி விடாம கீழ எப்படிம்மா நகரும்? சரி, நாளைக்கே டாக்டரம்மாவைப் பார்ப்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமான்னு கேட்போம். கொத்தனார் சம்சாரத்துக்கு அப்படித்தான் மாத்திக் குடுத்தாங்களாம், இளக்கறதுக்கு சிரப்பும் சேர்த்து. நான் கொய்யாவும் பப்பாளியும் வாங்கிட்டு வரேன். மாத்திரை போட்ட கையோட டீ குடிக்காத. உங்க சூப்பர்வைசர்கிட்ட நானே வந்து பேசறேன்.

— என்னன்னு பேசுவீங்க? என் பொண்டாட்டிக்கு வெளிக்கு வரலன்னா?

— ஆமா, அப்படியேதான் சொல்லுவேன். எனக்கென்ன வெட்கம். பாரு, சிரிக்கற.

— சிரிக்கலைங்க.

— ஏய். இதுக்குப் போய் அழுவாங்களா? எல்லாத்துக்கும் வழி இருக்கு.

— இருக்குன்னு எனக்கும் தெரியும். அந்த சிரப்பை ரெண்டு மாசம் முன்னாடியே நர்ஸக்கா குடுத்துட்டாங்க. குடிச்சேன், ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. சிக்கல்னு இப்ப சொன்னது சாக்கு. அந்தத் தடவை டெஸ்ட்ல ரத்தமும் ஏறியிருந்துச்சே. ஏழேகால்லேருந்து எட்டே முக்கால்.

— ஆமா, ஏறுச்சு. அப்புறம் எதுக்குத் துப்பின?

— ஏறினதாலதான்.

— புரியல.

— பத்தரையைத் தாண்டட்டும், அப்புறம் மறுபடி குழந்தைக்குப் பார்க்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க தலையாட்டினீங்க. ரெண்டு தடவை கலைஞ்சு, வெறும் கையோட அந்த ஆஸ்பத்திரிப் படியில இறங்கி வந்துட்டேன். மூணாவது தடவை என்னால முடியாதுங்க. ரத்தம் ஏறலன்னா யாரும் கேட்க மாட்டாங்கல்ல.

— இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— எப்படிச் சொல்றது? சின்ன ரூம்ல குழந்தைக்குன்னு முழங்கால் உயரத்துக்கு ஒரு பேசின், ஒரு குட்டிக் குழாய். முதல் தடவை நாள் தள்ளினப்ப ஆசை ஆசையா மாட்டினீங்க. வாத்து பொம்மை போட்ட சோப்புப் பெட்டி வேற. தினமும் அதைச் சுத்தித்தான் பெருக்கறேன். நீங்க இன்னும் காத்துட்டு இருக்கீங்க. நான் போய் எந்த வாயால வேண்டாம்னு சொல்றது?

— உன் முகத்தைப் பார்த்துத்தான் அன்னைக்குத் தலையாட்டினேன். உனக்கு ஆசை விட்டுப்போகலன்னு நினைச்சேன். மாத்திரை குடுத்தது நீ மயங்கி விழாம நடமாடணும்னு மட்டும்தாம்மா. அந்தக் குட்டிக் குழாயை எப்பவாவது திறந்து பார்த்தியா?

— இல்ல. கிட்டயே போக மாட்டேன்.

— திறந்திருந்தா தண்ணி வந்திருக்காது. ரெண்டாவது தடவை உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன் பாரு, நீ அசந்து தூங்கிட்டு இருந்தப்ப, சுவத்துக்குள்ள அதுக்குத் தண்ணி வர்ற லைனையே அறுத்து, மூடி போட்டு, சிமெண்ட்டும் பூசிட்டேன்.