வாசல் பேரீச்சை

மைசூர் பஸ் ஸ்டாண்டில் கொள்ளேகால் பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஒட்டுக்கேட்கிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. முன் சீட்டில் இருந்த ஹனூர்க்கார அண்ணன் தம்பிக்குத்தான் மெதுவாகப் பேச வரவில்லை. தம்பி ஒரு பழத்தை நீட்டினான்.

"நர்சரிக்காரரே அசந்துட்டாருங்ண்ணா. நம்மூட்டு வாசல்ல அழகுக்கு வெச்ச பேரீச்சையே இப்படிப் பழுத்தா, தோட்டம் பூராவும் வெக்கலாம்னாரு."

அண்ணன் பழத்தைத் தின்னாமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"போன வருசம் இது என்னாச்சு?"

"பழுக்கற நேரத்துல மழை புடிச்சு, குலையோட அழுகிப்போச்சுங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அப்பவும் மழைதானுங்க."

"இந்த வருசம்?"

தம்பி ஜன்னல் வழியே வெளுத்த வானத்தைப் பார்த்தான்.

"பாலைவனத்து மரம்டா அது. மழை பேஞ்சா அழுகும், பேயாட்டி இனிக்கும். ராகியும் மஞ்சளும் கருகிக் கெடக்குது, இது மட்டும் தேனாட்டம் இருக்குது."

"அதனாலதானுங்ண்ணா இதையே வெச்சுரலாங்கறேன். காய்க்காதுன்னு பயப்படறீங்களா?"

பஸ் நகர்ந்தது. அண்ணன் பழத்தைத் தம்பி கையிலேயே திருப்பி வைத்தார்.

"காய்ச்சுருமோன்னுதான்டா பயமா இருக்குது."