குளிரறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள்: டாக்டர் போடில் தோருப் அவர்களுக்கு

கோபன்ஹேகன் நகரம் கண்ட குளிரறைக் கோமகளே! ஈரலுக்குள் ஒளிந்திருந்த நொதியை இழுத்து வந்து இவ்வுலகுக்குக் காட்டிய இணையற்ற பேரறிஞரே! கம்பளிச் சட்டைமேல் வெள்ளைக் கோட்டணிந்து, கடுங்குளிரில் கடமை தவறாத எங்கள் டாக்டர் போடில் தோருப் அவர்களே! நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், இந்த ஆய்வுக்கூடத்து ஊழியர்கள் எழுந்து நின்று வணங்கி வாசிக்கும் மடல் இது.

பெண்ணுக்கு எதற்கு உயிர்வேதியியல் என்று பெரியவர்கள் முகம் சுளித்த காலத்தில், இறைச்சிக்கூடத்துப் பன்றி ஈரலை வாளியில் வாங்கி, சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்தவர் நீங்கள். நீங்கள் தேடிய நொதி சூடு பட்டால் செத்துப்போகும். ஜெர்மானியப் படை நகரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் மின்சாரம் போனபோது, உறைந்த ஏரியில் பனிக்கட்டி வெட்டி வந்து அதைக் காப்பாற்றினீர்கள். அப்போது வெடித்த விரல்கள் இன்னும் முழுசாக ஆறவில்லை.

மாடிப்படிக்கு அடியில் ஒரு சாம்பல் நிற நோட்டைத் தொங்கவிட்டீர்கள். தவறு செய்தவர் அதில் தன் பெயரோடு எழுதி, மூன்று மணிக் காப்பி நேரத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். வாசித்தவருக்கு நீங்களே காப்பி ஊற்றுவீர்கள். எங்கள் உதவியாளர் விகோ ரோஸ்டெட் ஒருமுறை அடியில் படிந்த வண்டலைப் பத்திரப்படுத்திவிட்டு, நொதி கரைந்திருந்த தெளிந்த நீரைத் தொட்டியில் கொட்டிவிட்டார். ஒரு மாத உழைப்பு போயிற்று. அவர் வாசித்து முடித்ததும் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "சரி, உட்காருங்க விகோ. நாளைக்குத் திரும்பப் பண்ணலாம்."

இதுவரை வாசித்ததுதான் சட்டம் போட்ட தாளில் இருக்கிறது. இனி வாசிப்பது இன்று நண்பகலில் பென்சிலால் எழுதி ஒட்டியது.

உங்கள் நொதி தனியாக வேலை செய்வதில்லை, அதற்கொரு துணைப்பொருள் உண்டு என்று நீங்கள் எழுதியதை, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் பொய்யென்று அச்சிலேயே எழுதினார். நீங்கள் பதில் எழுதவில்லை. ஆறு வாரம் உழைத்து, இருபத்திரண்டு ஈரல்களிலிருந்து பதினான்கு சிறு குழாய்களில் சுத்தமான நொதியைத் தேற்றினீர்கள். கேக் வெட்டியதும் மாடிக்குப் போய், நீங்கள் சொன்னதை நிரூபிக்கும் கடைசி அளவீட்டை எடுப்பதாக இருக்கிறீர்கள். நாளை முதல் அந்த அறை வேறொருவருக்கு. அதனால்தான் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டும் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் அமர்ந்திருக்கிறீர்கள்.

டாக்டர், மாடிக்குப் போக வேண்டாம்.

கண்ணாடிப் பாத்திரம் கழுவும் ஆஸ்தா கொண்டுவந்த அடுக்குக் கேக்கின் கிரீம், இந்த ஜூன் வெயிலில் உருகத் தொடங்கியது. குளிரறையில் அதற்கு இடம் செய்ய, விகோ உங்கள் குழாய்கள் இருந்த தட்டை வெளியே எடுத்தார். பனிக்கட்டியில் வைக்கத்தான் எடுத்தார். அதற்குள் கேக்கில் குத்தும் காகிதக் கொடிகளைக் காணவில்லை என்று யாரோ கூப்பிட, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஓடினார். காலையிலிருந்து உங்களை இயக்குநர் அறையில் புகைப்படம், பேட்டி என்று பிடித்து வைத்திருந்தவர்களும் நாங்கள்தான். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தபோது பதினான்கு குழாய்களும் பால் திரிந்த மாதிரி இருந்தன.

கேக் வெட்டி முடிந்தபின் மெதுவாகச் சொல்லலாம் என்றார் ஆஸ்தா. விகோ தலையைத் தூக்கவே இல்லை. "இந்தக் கேக் இருந்த இடத்துல அந்தக் குழாய்ங்க இருந்திருக்கணும், ஆஸ்தா. டாக்டர் இந்தக் கேக்கைச் சாப்பிடறத நான் எப்படிப் பார்த்துட்டு நிக்கிறது?" என்றார். ஆகவே முதல் துண்டு வெட்டும் முன் வாசிக்கிறோம். நோட்டிலும் எழுதிவிட்டோம். அதில் இனி பக்கம் இல்லை.

நீங்கள் சொன்னது சரியென்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்து என்ன பயன்? வெட்கத்தால் குனிந்து நிற்கிறோம்.

நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள், எங்களைத் திட்டுவதற்காகவாவது. மணி மூன்றாகிறது. காப்பிக் கூஜா உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இன்று அதைத் தொடாவிட்டாலும் நியாயம்தான். நாளைக்குத் திரும்பப் பண்ணலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தாங்க மாட்டோம்.

இப்படிக்கு,
விகோ ரோஸ்டெட் (உங்கள் விதிப்படி, தவறு செய்தவர் பெயர் முதலில்),
ஆஸ்தா,
மற்றும் குளிரறை ஊழியர்கள்