இருசம்மாளின் மனுவைச் சுமந்த பெரியநாயகி அம்மையார்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் கந்தசாமி அவர்களே! பஸ் ஓடுமா ஓடாதா என்று தெரியாமலே கச்சிராயபாளையத்திலிருந்தும் நைனார்பாளையத்திலிருந்தும் புறப்பட்டு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நான்கு பிள்ளைகளே! வட்டச் செயலாளர் சுப்புராயனாகிய என் கலங்கிய வணக்கம்.

நம் அரசு ஊழியர் சங்கத்தின் மகளிர் அணித் தலைவி, தலைமை எழுத்தர் பெரியநாயகி அம்மையார் போன வெள்ளிக்கிழமை மாரடைப்பில் மறைந்தார். அவர் யாருக்காக அலைந்தார், எதற்காக அலைந்தார் என்பதை இன்று நான் சொல்லியாக வேண்டும்.

பதினாறு வருடங்களுக்கு முன்னால் அவருக்கு நான்காவது பிள்ளை பிறந்தது. மூன்றுக்கு மேல் பிரசவ விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் வேலைக்கு வந்தார். மாமியார் குழந்தையோடு ஆபீஸ் ஜீப் ஷெட்டில் காத்திருப்பார். பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடும். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டுதான் அதிகாரி முன்னால் நிற்பார். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எப்போது சொன்னார்? நான் அவரை எதிர்த்துப் பேசிய அன்று!

ஆமாம், எதிர்த்தேன். அதை இந்தக் கூட்டத்தில் மறைக்க மாட்டேன். கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராக இருக்கும் இருசம்மாளுக்கு, நான்காவது பிரசவம் என்று விடுப்பு மறுத்து ஆகஸ்டில் உத்தரவு வந்தது. மேல்முறையீடு செய்வோம் என்றார் அம்மையார். ஊருக்கெல்லாம் குடும்பக் கட்டுப்பாடு சொல்கிற நர்சுக்கு நாம் பரிந்து பேசினால் சங்கத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றேன் நான். அவர் கோபப்படவில்லை.

"இது மூணாவது, இது நாலாவதுன்னு பெத்த ஒடம்புக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, அந்த ஜீப் ஷெட் கதையைச் சொன்னார். மனு போடச் சம்மதித்தேன்.

மனு போய்ச் சேர வேண்டிய கடைசி நாள், இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் வாரத்தில் வந்து விழுந்தது. பஸ் இல்லை, தபால் இல்லை. என் மோட்டார் சைக்கிளில், மேல்முறையீட்டு அலுவலகம் இருக்கும் கடலூருக்குப் புறப்பட்டோம். உளுந்தூர்பேட்டை தாண்டி ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் வெட்டிப் போட்டிருந்தது. கம்போடு பத்திருபது பேர் நின்றார்கள். எந்த ஊர், என்ன சாதி என்று கேட்டார்கள். திரும்பிவிடலாம் என்று அம்மையாரிடம் மெதுவாகச் சொன்னேன். அவரோ இறங்கி நேராக அவர்களிடம் போய் மனுவைப் பிரித்துக் காட்டினார்.

"இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள இது போவலைன்னா, ஒரு பொண்ணு பச்ச ஒடம்போட வேலைக்கிப் போவணும். நீங்களும் உரிமதான் கேக்கறீங்க. இதுவும் அதாங்க" என்றார்.

அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு நாலு பேர் என் வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். இன்னும் மூன்று இடங்களில் இறங்கி நடந்தோம். நாலே முக்காலுக்கு மனுவில் முத்திரை விழுந்தது. திரும்பும் வழியில் நெஞ்சை அடைக்கிறது என்றார். வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் வீட்டில் இறக்கிவிட்டேனே! அந்த நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

வருகிற திங்கட்கிழமை விசாரணை. விதிகளெல்லாம் அவருக்குத்தான் மனப்பாடம். அவர் எழுதி வைத்த எட்டுப் பக்கங்களை மூன்று நாளாகப் படிக்கிறேன், பாதிதான் புரிகிறது. நிறைமாதத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் இருசம்மாள் சற்றுமுன் வாசலில் என்னை நிறுத்தி, "திங்கக்கெழம யாருங்கண்ணா பேசுவாங்க?" என்று கேட்டது. பதில் சொல்லாமல் மேடைக்கு வந்துவிட்டேன்.

தங்கச்சி, இப்போது சொல்கிறேன். நான் பேசுவேன். பயமாகத்தான் இருக்கிறது. தீர்ப்பு எப்படி வருமோ தெரியாது. உனக்கு மறுத்தால் அதற்கு மேலே போவோம். உனக்கு மட்டும் கொடுத்தாலும் நிறுத்த மாட்டோம், எல்லோருக்கும் கேட்போம். அம்மையார் கேட்டது அதுதான்.

தாய்மார்களே! திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நிற்பேன். கடலூருக்கு என்னோடு வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கிறேன். அதற்குப் பிறகு அம்மையாருக்காக எழுந்து நிற்போம்.