பச்சைக் கல்லின் கோடு

இரவு பத்தரை. ஆய்வுக்கூடத்துக்குப் போகிற சாலையில் ஈ, காக்கை இல்லை. என் நண்பனுடைய அக்கா மட்டும் தனியாக நடந்து போகிறாள்... கோபத்தில் செருப்பு படார் படாரென்று அடிக்கிறது. கற்களை ஆராய்கிறவள் என்பதால் எங்களுக்கு அவள் கல்லக்கா.

நெருங்கி உட்காருங்கள். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

அவள் கையில் இருந்தது ஆம்பிபோல் வகைக் கல். பச்சை நிறம், நார் நாராகப் பிரியும். மூடிப்போன ஒரு சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்கு அதன் தூள் நெஞ்சில் போய் அடைத்துக்கொண்டதாம்... யாருப்பா அது இருமுறது? சும்மா இரு.

கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் அளந்தபோது கல் சொன்ன பேச்சைக் கேட்டது. அகச்சிவப்பில்தான் சனியன் பிடித்தது. கல்லில் அந்த ஒளியைப் பாய்ச்சித் திரையில் கோடு வரைகிற கருவி அது; பக்கத்தில் யாராவது மூச்சு விட்டால், கல்லின் கோட்டோடு அந்த மூச்சும் ஒரு முள்ளாக ஏறிவிடும். எத்தனை முறை எடுத்தாலும் முள் போகவில்லை.

"மூச்ச அடக்கத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி எதுக்கும்மா? காலையில சுத்தமான கோடு வரலன்னா கல்ல வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு. அவளுக்கு அழுகை முட்டியது.

ஆய்வுக்கூடத்துக்குள் போனதும் கல்லை அரைத்தாள். ஈர மண் வாசனை... தூளை வில்லையாக அழுத்தி, கருவிக்குள் வைத்து மூடினாள். பொத்தானை அடித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி, கதவைச் சாத்தி, கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தாள்.

விர்ர்ர்... கோடு வந்தது. முள்ளும் வந்தது. ஏறியது... இறங்கியது... மறுபடி ஏறியது. தூங்குகிற ஆளின் மூச்சைப் போல, நிதானமாக.

உள்ளே யாரும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் ஓட்டம் பிடித்திருப்பார்கள். இவளுக்கு வந்தது ஆத்திரம். திரும்பப் போய் மூடியைத் திறந்தாள். முகத்தை உள்ளே நீட்டினாள்.

"யாரா இருந்தாலும் வெளிய போ! என் பொழப்புல மண்ணள்ளிப் போடாத!"

மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, குனிந்த நிலையிலேயே பொத்தானை அடித்தாள். கோடு வந்தது. கல்லுக்கு உரிய பள்ளங்கள் எல்லாம் கோட்டில் அதனதன் இடத்தில் இருந்தன. முள்ளைக் காணோம்.

'ஃபூ' என்று ஊதினாள். மறுபடி ஓட்டினாள். இல்லை. வாயை வில்லைக்கு மேலேயே வைத்து ஊதினாள்... ஊதிக்கொண்டே இருந்தாள்.

காலையில் பேராசிரியர் வந்தார். கோட்டைப் பார்த்தார். முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்படிப் போடு! மூச்சே இல்லையேம்மா!"